எலும்பை ஒட்டிய சதை

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. எழுபத்து நான்கு. கோழித்தொடையில் சதை மிகத் தடித்திருக்கும் இடத்தில், எலும்பில் படாமல் ஒரு வெப்பமானியைச் செருகினால், அது எழுபத்து நான்கு செல்சியசு காட்ட வேண்டும். காட்டினால் உண்ணலாம். காட்டாவிட்டால் கோழி அடுப்பிலேயே இருக்கட்டும். என் மகள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இதைப் படித்தேன். படித்ததும் எனக்கு வந்தது வியப்பன்று, சினம்.

தமிழில் எத்தனையோ சமையற்குறிப்புகளைப் படித்தவன் நான். அவை அனைத்தும் ‘பதமாக வெந்ததும் இறக்கவும்’ என்றே முடிகின்றன. எது பதம்? வெந்தது என்று முடிவு செய்தவர் யார், எதைக் கொண்டு முடிவு செய்தார்? ஒரு மாணவன் தேர்வில் இப்படி விடை எழுதியிருந்தால், ‘காரணம் தருக’ என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, மதிப்பெண்ணில் பாதியைக் குறைத்திருப்பேன். அச்சில் வந்துவிட்டால் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை.

அன்று மாலைக்குள் அந்தச் சினம் அச்சமாக மாறிவிட்டது. அந்த எண்ணை அறியாத ஒருத்தி, குத்திப் பார்க்கும் உரிமையும் இல்லாமல், ஒரு தொடைத்துண்டின் முன்னால் அமர்ந்திருப்பது போல ஓர் உருவம் மனத்தில் எழுந்தது. அவளுக்கு ஆதிலட்சுமி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

2

தொடக்கம் எளிதில் அமையவில்லை. அமையாதவற்றையும் விட்டுவைக்கிறேன். கிழித்தெறிந்துவிட்டு ஒரே மூச்சில் எழுதியதாக நடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

‘பாகூர் ஏரியின் மேல் கார்மேகம் கவிந்திருந்தது. கரையோரப் பனைகள் காற்றில் —’

[அடித்துவிட்டேன். ஏரி அழகாயிருப்பதால் யாருடைய வயிறும் காப்பாற்றப்படுவதில்லை.]

‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு, ஐப்பசித் திங்கள், பாகூர்க் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பகுதிக்கு உட்பட்ட —’

[இது பத்திரம் எழுதுவோர் நடை. ஆயினும் ஆண்டும் மாதமும் தேவைப்படும். வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி என்பதால் மழை, மழை என்பதால் ஈர விறகு.]

‘ஆதிலட்சுமி பயந்தாள்.’

இதை அடிக்க மனம் வரவில்லை. இங்கிருந்தே செல்வோம்.

3

ஆதிலட்சுமி பயந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே, வேப்பமரத்தடியில் நட்ட கல்லும் வேலுமாக முனீசுவரன் நிற்கும் இடத்தில், கோணியை விரித்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். வயிற்றில் ஐந்து மாதம். எதிரே மூன்று கற்களின் மேல் ஒரு மண்பானை. அதற்குள் அவளுக்காக ஒரு சேவல் வெந்துகொண்டிருந்தது. வெந்துகொண்டிருந்ததா என்பதுதான் அவளுடைய அச்சம். அந்த அச்சத்தை அவள் இன்னும் சரியாக அறிந்திருக்கவில்லை. ‘சாமி ஏத்துக்குமா’ என்பதே அவள் மனத்தில் ஓடிய சொல்.

அந்தக் குடும்பத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டு மருமகள் கருவுற்றால் முனீசுவரனுக்கு ஒரு சேவலை முழுதாகப் படைப்பார்கள். அதைத் துண்டாக வெட்டக்கூடாது. அங்கம் குறைந்த சேவலைப் படைத்தால் அங்கம் குறைந்த பிள்ளை பிறக்கும். கரண்டியாலோ குச்சியாலோ குத்திப் பார்க்கவும் கூடாது. குத்திய இடம் பிள்ளையின் உடம்பில் தெரியும். சாமிக்கு முன்னால் நாக்கில் வைத்துப் பார்ப்பது எச்சில். எனவே உப்பும் மஞ்சளும் போட்டு, முழுச்சேவலை நீரில் வேகவைத்து, வெந்திருக்கும் என்று நம்பி இறக்கி, இலையில் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு வலத்தொடையைக் கையாலேயே பிய்த்து அவளுக்குக் கொடுப்பார்கள். எல்லோரும் பார்த்திருக்க, எலும்பு மட்டும் மிஞ்சும்படி அவள் அதை உண்ண வேண்டும்.

(அடிக்குறிப்பாக: இந்த வழக்கத்தைப் படைத்தவன் நானே. பாகூரில் இப்படி யாரும் செய்ததாக எனக்குத் தெரியாது. ஊரார் சண்டைக்கு வர வேண்டா. ஆனால் உங்கள் வீட்டில் எந்தெந்தப் பானையை ‘திறக்கக்கூடாது’ என்று வைத்திருக்கிறீர்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.)

சென்ற ஆண்டும் அவள் இதே இடத்தில் உட்கார்ந்து இதே போன்ற தொடையை உண்டாள். இரண்டொரு நாளில் வயிற்றுப்போக்கும் கடுங்காய்ச்சலும் கண்டன. காய்ச்சல் இறங்குவதற்குள் வயிற்றில் இருந்தது போய்விட்டது. அதே சேவலை உண்ட மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. எல்லோருக்கும் கொடுத்த சாமி, அவளை மட்டும் தள்ளிவிட்டது. ஓராண்டாக அவளும் அதையே நம்பினாள். விளக்கேற்றும்போதெல்லாம், தான் செய்த பிழை எது என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளை மேலும் அச்சுறுத்தியது.

4

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அவளுடைய மாமியார் விருத்தாம்பாள். கொடுமைக்கார மாமியார் என்று எழுதினால் என் வேலை எளிதாகியிருக்கும். முயன்றும் பார்த்தேன். ‘விருத்தாம்பாளின் கண்களில் வஞ்சம் —’ என்று தொடங்கிய வாக்கியம் அந்த இடத்திலேயே இறந்துவிட்டது. அவள் கண்களில் இருந்தது புகை. சென்ற ஆண்டு மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டியவள் அவள்.

“இந்தச் சவுக்குக் கட்டைய எவன்டா நனைய வுட்டது? ஊதி ஊதி என் உசுரே போவுது.”

“மேல பாய் போட்டுத்தான் வச்சன், யம்மா,” என்றான் அவள் மகன், ஆதிலட்சுமியின் கணவன் இருசப்பன். “மழை சைடுல வந்தா நான் இன்னா பண்றது?”

“நீ உங்கப்பன் மாதிரியே பேசு. அந்த ஆளுக்கும் எல்லாத் தப்பும் சைடுலதான் வரும்.”

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. உடனே, சாமி முன்னால் சிரித்துவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் தையலம்மாள் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். “பயப்படாத, ஆதி. போன வாட்டி அத்தினி பேரும் அதே சேவலத்தான தின்னோம்? எங்களுக்கு இன்னா ஆச்சி? ஒரு ஏப்பங்கூட கோணலா வரல. மனசு சுத்தமா இருந்தா சாமி சேத்துக்கும்.”

ஆறுதல் போல் சொல்லப்பட்ட அந்தச் சொற்களைக் கேட்டு ஆதிலட்சுமி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

5

இந்த இடத்தில் யாரையாவது கொண்டுவந்து அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது. மூன்று முறை முயன்றேன்.

முதல் முயற்சியில், நகரத்திலிருந்து ஒரு மருத்துவர் காரில் வந்து இறங்கினார். ‘நிறுத்துங்கள்’ என்றார். அவர் ஏன் அந்த மழையில் அந்த ஏரிக்கரைக்கு வர வேண்டும் என்று என்னையே கேட்டேன். எனக்கு அவர் தேவை என்பதற்காக மட்டுமே வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் முயற்சியில், இருசப்பனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கொடுத்து, பாகு காய்ச்சும் கொப்பரையில் செருகும் நீண்ட வெப்பமானியைத் துண்டில் சுற்றி எடுத்துவரச் செய்தேன். மகிழ்ச்சியாக இருந்தது, அவன் அதைப் பானைக்கு அருகில் கொண்டுபோகும் வரை. அங்கே நின்றுவிட்டான். அதைச் சதைக்குள் அல்லவா செருக வேண்டும்? குத்தக்கூடாதே. நீருக்குள் விட்டால் நீரின் சூட்டைத்தான் காட்டும். நீர் சுடுவதும் தொடையின் உள்ளே சுடுவதும் வேறு வேறு. கருவி கைக்கு வந்தும் பயன் இல்லை. கருவியைப் பிடுங்கிக்கொண்டு அவனைப் பழையபடி விறகுக்கு அனுப்பினேன்.

மூன்றாம் முயற்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதில் ஒரு கொண்டை ஊசி இருக்கிறது.

6

சற்றுத் தள்ளி மற்றோர் அடுப்பில் குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அடுப்புக்கு மட்டும் வீட்டிலிருந்து காய்ந்த தென்னமட்டை கொண்டுவந்திருந்தார்கள். சாமி அடுப்பில் வீட்டில் புழங்கியது ஏதும் எரியக்கூடாது என்பதும் வழக்கம். மிளகும் மல்லியும் அரைத்த மசாலா தளதளவென்று குமிழ் விட்டது. விருத்தாம்பாள் புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி அதைக் கிளறிவிட்டாள்.

“படையல் முடிஞ்சதும் மீதிய வெட்டி இதுல போட்டுடுவம். இது கெழட்டுச் சேவலு. நல்லா கொதிச்சாத்தான் மசியும். பல்லு இல்லாதவன்லாம் வேற வரிசைல குந்திக்கினு இருக்கான்.”

ஆதிலட்சுமி நிமிர்ந்தாள்.

“அத்தே, போன வாட்டியும் மீதிய கொழம்புல போட்டா வேவ வச்சீங்க?”

“பின்ன? அப்பிடியே தின்ன நாங்க இன்னா நரியா?”

தையலம்மாள் சிரித்தாள். இருசப்பன் சிரித்தான். விருத்தாம்பாளும் சிரித்தாள்.

ஆதிலட்சுமி குழம்புச் சட்டியையே பார்த்தாள்.

[இந்த இடத்தை அன்று முழுதும் திருப்பித் திருப்பிப் படித்தேன். ‘அவளுக்கு உண்மை புலப்பட்டது’ என்று எழுதி அடித்தேன். அவளுக்குப் புலப்பட்டது சிறியது, மிக எளியது. எல்லோரும் உண்டது இரண்டு முறை வெந்த சேவல். அவள் உண்டது ஒரு முறை வெந்தது. வேறுபாடு மனத்தில் இல்லை, சட்டியில் இருந்தது.]

ஓராண்டாக அவளை அழுத்திய பாறை புரண்டது. புரண்ட வேகத்தில் அதைவிடப் பெரியதொன்று வந்து அமர்ந்தது. சாமியின் கோபம் என்றால் வேண்டிக்கொள்ளலாம், காலில் விழலாம், முடி இறக்கலாம். இந்தப் பானையிடம் என்ன வேண்டிக்கொள்வது?

அவள் இப்போதுதான் பானையைப் பார்த்தாள். புகை அதிகம், ஆவி கொஞ்சம். நீர் ஓரத்தில் மட்டும் நெளிந்தது. பானைக்குச் சேவல் பெரிது. நெஞ்சும் முதுகும் நீருக்குள் கிடக்க, இரண்டு கால்களும் நீருக்கு மேலே நின்றன. அவளுக்கு உரிய வலத்தொடை ஏறக்குறைய வெளியேதான் இருந்தது.

“அத்தே,” என்றாள். “இன்னுங் கொஞ்சம் வேவட்டும்.”

விருத்தாம்பாள் பானையைப் பார்த்தாள். அவள் பதில் சொல்லுமுன் பலராமன் சொன்னார். அவர் இருசப்பனின் பெரியப்பா, அந்தக் கோயிலுக்குப் பூசாரி.

“மழை வந்துனு இருக்குது. கற்பூரம் நனைஞ்சா யாரு பொறுப்பு? சாமிக்கு வச்சது வெந்துச்சா, வேவலையான்னு கேக்கற வாய் இந்த வூட்டுக்குப் புதுசு.”

“அதுக்கில்ல பெரிய மாமா…”

“எதுக்கில்ல?”

அவளிடம் எழுபத்து நான்கு இல்லை. என்னிடம் இருக்கிறது. அந்த எண்ணை அவள் வாயில் வைத்து அவரை வாயடைக்கச் செய்யலாம். அவ்வாறு செய்தால் நான் கதை எழுதுகிறவன் அல்லேன், அவள் பின்னால் நின்று விடையை முணுமுணுக்கும் தோழன். தேர்வறையில் நான் அதை ஒருநாளும் பொறுத்தவன் அல்லேன்.

அவள் தலை கவிழ்ந்தாள்.

7

கொண்டை ஊசி.

பலராமன் வேலுக்குப் பொட்டு வைக்கத் திரும்பினார். இருசப்பன் தண்ணீர் கொண்டுவர வாய்க்காலுக்குப் போனான். பெண்கள் இலை விரிக்கச் சாமிக் கல்லருகே சென்றார்கள். பானையருகே ஆதிலட்சுமி மட்டும். அவள் கை தானாகவே கொண்டைக்குப் போய் ஊசியை உருவியது. ஒரு குத்து. தொடைக்குள் ஒரே ஒரு குத்து. வழியும் சாறு சிவப்பா, தெளிவா என்று பார்த்துவிடலாம்.

சிரிக்காதீர்கள். அவள் அந்த வழக்கத்தை நம்பாதவள் அல்லள். ஊசி இறங்கும் இடத்தில் தன் பிள்ளையின் தொடையையே அவள் கண்டாள். குத்தினால் பிள்ளைக்கு ஊனம் வரும், குத்தாவிட்டால் பிள்ளையே இராது. இந்த இரண்டுக்கும் நடுவே, ஊசி முனையில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு நான் தேநீர் அருந்த எழுந்து போனேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வந்து எழுதினேன்: ‘ஊசி இறங்கியது. தெளிந்த சாறு வழிந்தது. அவள் பெருமூச்சு —’

பேனாவை வைத்துவிட்டேன். மகள் வீட்டுச் சுவரில் இருந்த அந்தத் தாளில் வேறொன்றும் எழுதியிருந்தது என் நினைவுக்கு வந்தது. நிறம் பொய் சொல்லும். நன்றாக வெந்த இளங்கோழியிலும் எலும்பருகே சிவப்பு தங்கலாம். வேகாத கோழியிலும் தெளிந்த சாறு வழியலாம். கண்ணை நம்பாதே, சூட்டை மட்டும் நம்பு என்பதற்காகவே அந்த எண். ஆகவே நான் எழுதிய தெளிந்த சாறு அவளை ஏமாற்றியிருக்கும். அவள் பெருமூச்சு விட்டு, மகிழ்ச்சியோடு, அந்தத் தொடையை உண்டிருப்பாள். படிக்கும் நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள்.

ஊசியை அவளே கொண்டையில் செருகிக்கொண்டாள். செருகச் செய்தேன்.

8

கற்பூரம் எரிந்தது. தூறல் தொடங்கியது. பலராமன் சேவலை இலைக்கு மாற்றி, விழுந்து கும்பிட்டு எழுந்து, வலக்காலைப் பிடித்தார். மூட்டு எளிதில் கழன்று வரவில்லை. முறுக்கினார். மறுபடி முறுக்கி இழுத்தார்.

“நல்ல சேவலு. எப்பிடி இறுக்கிக்கினு வுட மாட்டேங்குது பாரு,” என்றார் பெருமையாக.

தொடை அவளுடைய இலையில் விழுந்தது. சுற்றிலும் முகங்கள். குழந்தைகளைக்கூட முன்னால் நிற்க வைத்திருந்தார்கள்.

ஆதிலட்சுமி அதைக் கையில் எடுத்தாள். மேல்தோல் சுட்டது. பிய்ந்த பக்கமாகக் கட்டைவிரலை உள்ளே விட்டு, எலும்பை ஒட்டிய சதையைத் தொட்டாள். குளிரவில்லை, சுடவும் இல்லை. உடம்புச் சூடு. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்க்க ஒருவர் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

[அந்தச் சூடு எத்தனை பாகை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எழுபத்து நான்கில் சரிபாதி.]

“தின்னும்மா,” என்றாள் விருத்தாம்பாள். “ஒனக்குன்னு வச்சது.”

ஆதிலட்சுமி தொடையை இலையில் திரும்ப வைத்தாள். இலையை இரண்டு கைகளாலும் தூக்கி, மாமியாரின் பக்கம் நீட்டினாள்.

“இத்தையும் அந்தக் கொழம்புல போடுங்க, அத்தே. நானும் ஒங்கள மாதிரியே திங்கறன்.”

“கேட்டியா கதைய,” என்றாள் தையலம்மாள் யாரிடமோ.

“எலையில வச்சது சட்டிக்குப் போவாது,” என்றார் பலராமன். “சாமிய அவமானப்படுத்தறியா? போன வாட்டி பட்டது போதலியா ஒனக்கு?”

இருசப்பன் அவள் காதருகே குனிந்தான். “தின்னுடு ஆதி. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். போன வருசம் நான் சுருண்டு கெடந்தப்போ யாரு வந்து பாத்தாங்க? அத்தே மட்டுந்தான் பாத்தாங்க.”

நீட்டிய இலையை அவள் தாழ்த்தவில்லை. விருத்தாம்பாள் இலையைப் பார்த்தாள், மருமகளின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு பலராமனைப் பார்த்தாள். மெதுவாகக் கை நீட்டித் தொடையை எடுத்தாள். அவளுடைய கட்டைவிரலும் பிய்ந்த பக்கத்தில் போய்ப் பதிந்தது. அவள் முகம் மாறியது.

“வைம்மா அத எலையில,” என்றார் பலராமன் விருத்தாம்பாளிடம்.

குழம்புச் சட்டி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

9

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. சோம்பல் அன்று, அச்சம். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தொடை இலைக்குத் திரும்புகிறது. அதன் பிறகு அவளுடைய இரவுகளை எழுத வேண்டியிருந்தது. இரண்டு வரிக்கு மேல் என்னால் இயலவில்லை. மற்றொன்றில் தொடை சட்டியில் விழுகிறது. அதை எழுதி முடித்து எழுந்தவன், மகிழ்ச்சியோடு படுக்கப் போய், பாதி வழியில் நின்றேன். விழுந்தால் மட்டும் போதுமா?

ஆகையால் முடிவை உங்களிடம் தருகிறேன். தொடை இலைக்குத் திரும்பியது என்று நீங்கள் எழுதினால், அதற்குப் பின் வரும் நாள்களையும் நீங்களே எழுத வேண்டும். பாதியில் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

சட்டியில் விழுந்தது என்று எழுதுவீர்களாயின், உடனே அதை எடுத்துவிடாதீர்கள். மேலே நிறம் மாறியதும் வெந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அது கிழட்டுச் சேவல், தொடை தடித்தது. சூடு எலும்பு வரை போய்ச் சேர நெடுநேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் மழை பெய்துகொண்டிருக்கும். பலராமன் பேசிக்கொண்டிருப்பார். தையலம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பாள். இருசப்பன் இன்னும் எந்தப் பக்கமும் போகாமல் நிற்பான். சட்டியின் முன்னால், கையில் வெற்று இலையோடு, வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

அது வேகும்வரை அவளோடு நில்லுங்கள்.